திருவொற்றியூர் புல்லட்டும் ஏழு வருடத் தூக்கமும்!

திருவொற்றியூர் தேரடி மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, கடல் இருக்கும் கிழக்குப் பக்கமாக நடக்க நடக்கக் காற்று மாறிக்கொண்டே வரும். உதட்டை நாக்கால் தொட்டால் உப்புக் கரிக்கும். ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், சைக்கிள் செயின் என்று இந்தப் பக்கம் இரும்பில் எதை வாங்கி வைத்தாலும், பாதியைக் கடல் தின்றுவிடும்.

அப்படி ஒரு தெருவில், ஒரு பழைய வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், நீலத் தார்பாய்க்கு அடியில் ஏழு வருடங்களாக நின்றுகொண்டிருந்தது ஒரு புல்லட் 350. 1993 மாடல். கறுப்பு உடம்பு, டேங்க்கில் தங்கக் கோடு.

அந்தக் கோட்டைக் கையால் போட்டவர்கள் இதே ஊர் ஃபேக்டரியில் இருந்தார்கள். தூரிகையைப் பெயின்ட்டில் தோய்த்து, ஸ்கேல் எதுவும் வைக்காமல், ஒரே இழுப்பு.

வீட்டுக்காரருக்கு இப்போது 71 வயது. திருவொற்றியூரில் ஒரு ஃபேக்டரியில் டர்னராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2018 தை மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்தன. கூடவே பேச்சும் போனது. பிறர் பேசுவது எல்லாம் புரியும். ஆனால் 'ம்', 'இல்ல' தவிர வேறு வார்த்தை வெளியே வருவதில்லை. பழைய புல்லட்டில் கிக்கர் வலது பக்கம், கியரும் வலது பக்கம். அன்றோடு வண்டிக்குத் தார்பாய் போட்டாயிற்று.

இப்போது வீட்டைக் காலி செய்கிறார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் மகன், அப்பா அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போக முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சாமான் ஏற்ற லாரி வரும். அதற்கு முன், பன்னிரண்டு மணிக்குப் பழைய இரும்பு எடுப்பவரையும் வரச் சொல்லியிருந்தார் அம்மா.

"ஓடுனா லாரியில ஏத்து. ஓடாத வண்டியை அங்க கொண்டுபோயி எங்க நிறுத்துவ? அது ஃபிளாட்டு. நாலு பேரு கேப்பாங்க" என்பது அவர் முடிவு.

அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் 'ம்' என்றோ 'இல்ல' என்றோதான் சொல்லியிருப்பார்.

வியாழக்கிழமை இரவு வந்து இறங்கிய மகன், பையைக்கூடத் திறக்காமல் தார்பாயை உருவினார். பாட்டிலில் வாங்கி வந்த ஒரு லிட்டர் பெட்ரோலை டேங்க்கில் ஊற்றினார். கிக்கரை மிதித்தார். முதலில் மிதி இறங்கவே இல்லை. உடம்பின் எடை முழுவதையும் போட்ட பிறகு 'கிர்ர்ர்' என்று இறங்கியது. நாற்பது முறையாவது மிதித்திருப்பார். செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை காலடிப்பேட்டையிலிருந்து மெக்கானிக் வந்தார். ஐம்பத்தெட்டு வயது. பதினான்கு வயதில் ஸ்பேனர் கழுவும் பையனாகத் தொழிலுக்கு வந்தவர். திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்ததும், "இன்னாண்ணே, சௌக்கியமா?" என்று இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு இந்த வீட்டை நன்றாகத் தெரியும். ஆனால் இந்த வண்டியில் அவர் கை வைத்தது குறைவு. "அண்ணன் யாரையும் தொடவுட மாட்டாரு. பாயின்ட்டு அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் அவரே பண்ணிக்குவாரு. நம்ம கடைக்கு டீ குடிக்கத்தான் வருவாரு."

பிறகு மகன் பக்கம் திரும்பினார். "எத்தினி வாட்டி கிக்கு அடிச்ச?"

மகன் நாற்பது என்று சொல்லவில்லை. "ஒரு பத்து இருக்கும்ணே."

"ஒண்ணுகூட அடிச்சிருக்கக் கூடாது தம்பி."

நீண்ட நாள் நின்ற வண்டியை எழுப்பப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். வருடக் கணக்கில் நின்ற இன்ஜினில், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருந்த ஆயில் படலம் எப்போதோ வடிந்து காய்ந்திருக்கும். ஈரக் காற்று அடிக்கும் ஊரில் சிலிண்டர் சுவரில் லேசாகத் துருகூட ஏறியிருக்கலாம். அந்த நிலையில் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் உள்ளே இரும்பை இரும்பால் சுரண்டுவது போல. அந்தக் 'கிர்ர்ர்' சத்தம் அதுதான்.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றினார். அந்த ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டார். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற முயன்றார். இப்படிச் சுற்றினால் பிஸ்டன் மெல்ல ஏறி இறங்கி, ஆயிலை எல்லாப் பக்கமும் தடவிக்கொள்ளும். ஆனால் சக்கரமே சுற்றவில்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் தண்ணீர் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். இந்தச் சந்திலும் முழங்கால் அளவுக்கு நின்றது. இன்ஜினுக்குள் போகவில்லை. ஆனால் சக்கரத்தின் நடு வரைக்கும் ஏறி, பிரேக் ஷூவும் டிரம்மும் துருவில் ஒட்டிக்கொண்டுவிட்டன. ரப்பர் சுத்தியால் டிரம்மைச் சுற்றித் தட்டித் தட்டி, அரை மணி நேரம் கழித்துத்தான் 'டக்' என்று விட்டது. பிறகு சக்கரமும் சுற்றியது, பிஸ்டனும் அசைந்தது.

அடுத்து டேங்க். மூடியைத் திறந்ததும் வந்தது பெட்ரோல் வாசனை இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த வாசனை.

பெட்ரோல் கெட்டுப்போகும் என்பதே பலருக்குத் தெரியாது. அதில் சீக்கிரம் ஆவியாகும் பகுதிதான் இன்ஜினில் முதலில் பற்றிக்கொள்ளும். அது மாதக்கணக்கில் நின்றால் பறந்துவிடும். மிச்சம் இருப்பது பிசினாக மாறி, கார்புரேட்டரின் துளைகளில் படியும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் சேர்க்கிறார்கள். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் டேங்க்கின் அடியில் தண்ணீர் சேர்ந்து துருப் பிடிப்பதும் சுலபம். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை.

"மேல புதுசு ஊத்துனா அடியில இருக்குறது நல்லாயிடுமா? புளிச்சுப்போன மாவுல புது மாவு கலந்த கதைதான்" என்றார் மெக்கானிக். திண்ணையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரியவர் சிரிக்கிறார் என்று புரிய மகனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

டேங்க்கைக் கழற்றிக் காலி செய்து, ஒரு கை பழைய நட்டுகளை உள்ளே போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கியது கடைப் பையன். சேற்றுத் தண்ணீர் நிறத்தில் துரு வந்தது. நான்கு முறை கழுவிய பிறகுதான் நிறம் மாறியது. நட்டு எத்தனை போட்டோமோ அத்தனையும் வெளியே வந்ததா என்று மெக்கானிக் எண்ணிப் பார்த்தார்.

கார்புரேட்டரைப் பிரித்தால், மிதவைக் கிண்ணத்தில் பச்சையும் மஞ்சளுமாகப் பிசின். அதில் பைலட் ஜெட் என்று ஒரு சின்ன பித்தளைத் துண்டு உண்டு. அதன் துளை ஊசி முனையைவிடச் சிறியது. வண்டி ஸ்டார்ட் ஆவதும், ஸ்லோவில் நிற்பதும் இதன் கையில் இருக்கிறது. நீண்ட நாள் நின்ற வண்டிகளில் முதலில் அடைவதும் இதுதான். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊத வேண்டும். வானத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்து, துளையில் வெளிச்சம் தெரிந்ததும் மெக்கானிக் அதைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரும் இடது கையால் வாங்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

சனிக்கிழமை காலை ஆயில். பழைய புல்லட்டுக்கே உரிய ஒரு குணம் இருக்கிறது. ஆயில் இருக்கும் அறை தனி, கிராங்க் சுழலும் அறை தனி. பம்ப்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆயிலை அனுப்பி எடுக்கும். வண்டி பல மாதங்கள் நின்றால் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கீழ் அறைக்கு இறங்கிவிடும். டிப் ஸ்டிக்கைப் பார்த்து 'ஆயிலே இல்லை' என்று மேலே மேலே ஊற்றுபவர்கள், ஸ்டார்ட் ஆனதும் தெருவே மறையும் அளவுக்குப் புகையைப் பார்ப்பார்கள். கீழே உள்ள போல்ட்டைத் திறந்ததும் தார் போலக் கறுப்பாக வடிந்தது. எல்லாவற்றையும் வடித்து, புது ஆயில் ஊற்றியாயிற்று. ஒட்டிக்கொண்டிருந்த கிளட்ச் பிளேட்டுகளையும் பிரித்துத் துடைத்து மாட்டியாயிற்று.

மிச்சம் இருந்தது தீப்பொறி. பழைய பேட்டரி செத்து வருடங்கள் ஆகியிருந்தது. கடையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து வந்து மாட்டினார்கள். சுற்றிலும் சிந்திய பெட்ரோலைத் துடைத்து, துணிகளை எல்லாம் தூரத் தள்ளிய பிறகுதான் பிளக்கை இன்ஜின் உடம்பில் வைத்துப் பார்த்தார் மெக்கானிக். இந்த ஒரு விஷயத்தில் அவர் விளையாடுவதே இல்லை. பொறி வந்தது. ஆனால் மஞ்சளாக, சோகையாக. நல்ல பொறி என்றால் நீலமாக, 'டிக்' என்று சத்தத்தோடு விழ வேண்டும். பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைக் காகிதத்தை இடையில் விட்டுத் துடைத்துப் பார்த்தார். அப்போதும் மஞ்சள்தான்.

"கண்டன்சர் போயிருக்கு. பாயின்ட்டு செட்டும் புதுசா வாங்கிடு. பெட்ரோல் டேப்பும் ஒழுகுது. ஜி.பி. ரோடு போ. கெடைக்கலன்னா புதுப்பேட்டை."

மகன் மெட்ரோ பிடித்தார். எல்.ஐ.சி-யில் இறங்கி விசாரித்துக்கொண்டே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்கு நடந்தார். சென்னையில் வண்டி உதிரிபாகம் என்றால் புதுசுக்கு இந்தத் தெரு. கடைக்காரர், கண்டன்சர் என்ற வார்த்தையை மகன் முடிப்பதற்குள் எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். சினிமா டிக்கெட் விலைகூட இல்லை.

முப்பது வருடப் பழைய வண்டிக்கு இன்றும் கண்டன்சர் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைப் பணிக்காக பிரிட்டனிலிருந்து புல்லட்டுகளை வரவழைத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்து, என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆரம்பத்தில் பாகங்கள் அங்கிருந்து வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாமே திருவொற்றியூரிலேயே தயாரானது. தாய்வீடான இங்கிலாந்தில் கம்பெனி மூடப்பட்ட பிறகும், திருவொற்றியூர் நிறுத்தவில்லை. 1977-ல் இங்கிருந்து அந்த ஊருக்கே புல்லட் ஏற்றுமதியானது. பல பத்தாண்டுகள் வரை அடிப்படை டிசைன் பெரிதாக மாறவே இல்லை. அதனால் ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்குப் பொருந்தும். இப்போது பெரும்பாலான உற்பத்தி ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் போய்விட்டது. இருந்தாலும் திருவொற்றியூர்க்காரர்களுக்கு புல்லட் சொந்த ஊர்ப் பிள்ளைதான்.

பழைய மாடலுக்கான பெட்ரோல் டேப் மட்டும் ஜி.பி. ரோட்டில் அமையவில்லை. மகன் அண்ணா சாலையைக் கடந்து, கூவத்தைத் தாண்டி, புதுப்பேட்டைக்குப் போனார். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் சினிமாவால் பழக்கம். வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது வேறு உலகம். கடை வாசலில் கதவுகள் மாலை போலத் தொங்கும். ஒரு கடையில் முகப்பு விளக்குகள் மட்டும். இன்னொன்றில் கண்ணாடிகள் மட்டும். அடுத்ததில் கியர் பாக்ஸ்கள், தேங்காய் குவித்த மாதிரி. இங்கே ஒரு வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வருவதற்குள் நட்டு போல்ட்டாகப் பிரித்துவிடுவார்கள் என்று சென்னையில் ஒரு பழைய கிண்டல் உண்டு. கூவத்தின் வாடையும் கிரீஸ் வாடையும் கலந்த சந்துகளில் நான்கு கடை ஏறி இறங்கினார். ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர் இரும்புப் பெட்டியைத் துழாவி, காகிதத்தில் சுற்றிய ஒரு டேப்பை எடுத்தார்.

"அப்பா வண்டியா?" என்று கேட்டார். மகன் தலையாட்டினார். "அதான். உன் வயசுல இருக்கவன் இதை வந்து கேக்க மாட்டான்."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு எல்லாம் பூட்டியாயிற்று. பாயின்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தார் மெக்கானிக். பொறி இப்போது நீலமாக விழுந்தது. இரண்டு லிட்டர் புது பெட்ரோல். சந்திலிருந்து வண்டியைத் தெருவுக்குத் தள்ளி வந்தார்கள். மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிட்டால் புகையே ஆளைச் சாய்த்துவிடும் என்பதால் மட்டுமல்ல, பெரியவர் பார்க்கட்டும் என்றும்தான்.

பழைய புல்லட்டைக் கிளப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஹெட்லைட் மேல் உள்ள ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். இடது பக்கம் சாய்ந்திருக்கும் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, இன்னும் ஓர் இழை தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கிய கதைகள் திருவொற்றியூரில் வீட்டுக்கு ஒன்று கிடைக்கும்.

மெக்கானிக் மிதித்தார். 'பொக்.'

எல்லோர் முகத்திலும் வெளிச்சம். அடுத்த மிதி. 'பொக்... பொக்.' அவ்வளவுதான், நின்றுவிட்டது.

பத்து மணி ஆயிற்று. பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, காயவைத்து, மீண்டும் மாட்டினார். 'பொக்.' புஷ்ராடு இடைவெளியைப் பார்த்தார், சரியாக இருந்தது. கம்ப்ரஷன் இருந்தது. கார்புரேட்டரை இன்னொரு முறை பிரித்துப் பூட்டினார். பெட்ரோல் வருகிறது, பொறி வருகிறது, பிஸ்டன் அமுக்குகிறது. இந்த மூன்றும் இருந்தால் இன்ஜின் ஓடியாக வேண்டும். ஓடவில்லை. கடைப் பையன் மிதித்தான். மகன் மிதித்தார். தெருவில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து நின்றுகொண்டு, ஒவ்வொரு 'பொக்'குக்கும் எண்ணினார்கள்.

பன்னிரண்டுக்கு வரச் சொன்ன இரும்புக்காரர் பதினொன்றரைக்கே மூன்று சக்கர வண்டியோடு வந்துவிட்டார். நல்ல மனிதர். அவசரப்படுத்தவில்லை. அம்மா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆனால் அவர் கண் வண்டியின் எடையைப் போட்டுக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

"விடுறா, போதும். மத்த சாமானைக் கட்டணும்" என்றார் அம்மா.

அடுத்த 'பொக்' சத்தத்தில்தான் நாற்காலி அசைந்தது. பெரியவர் இடது கையைத் தூக்கி, உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வாந்தி வருதா ப்பா?" மகன் ஓடினார். "இல்ல." "தண்ணி வேணுமா?" "இல்ல." அம்மா சொம்பை எடுத்து வந்துவிட்டார். பெரியவர் தலையை வேகமாக ஆட்டினார். கையை எடுத்து, வண்டியைக் காட்டி, மறுபடியும் வாயைப் பொத்தினார். கன்னம் இரண்டையும் உப்பினார். முகம் சிவந்தது. "மூச்சு வாங்குதாடா பாரு" என்று அம்மா பதறினார். பெரியவரின் கண்ணில் நீர் முட்டியது கோபத்தினால்தான் என்பது அம்மாவுக்குப் பிறகு புரிந்தது.

மெக்கானிக் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் குனிந்து, சைலன்சரின் வாயில் உள்ளங்கையை வைத்தார். "தம்பி, கிக்கரை அமுக்கு." மகன் அமுக்கினார். காற்று வரவே இல்லை.

இன்ஜின் எரித்த புகை வெளியே போனால்தான் புதுக் காற்று உள்ளே வர முடியும். போக வழி இல்லாவிட்டால் ஒரு முறை, இரண்டு முறை வெடித்துவிட்டுத் திணறி நின்றுவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால், சைலன்சருக்குள் ஒரு சாண் ஆழத்தில் களிமண் சுவர். குளவிக் கூடு!

"அய்யய்யோ, அதைக் கலைக்காதீங்க!" அம்மாவின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஓசூரில் மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம்.

மெக்கானிக் சைலன்சரைக் கழற்றித் தரையில் காகிதம் விரித்து வைத்தார். பழைய சைக்கிள் ஸ்போக் கம்பியால் மெல்லத் தோண்டினார். உதிர்ந்த மண்ணில் காய்ந்த சிலந்திக் கால்கள். குஞ்சுக்கு இரையாகக் குளவி கொண்டுவந்து அடைத்து வைத்தவை. "பாருங்க அக்கா, வீடு காலி. எல்லாம் ரெக்கை முளைச்சுப் பறந்து எத்தினியோ நாளாச்சு. இது வெறும் மண்ணு." அம்மா குனிந்து ஒவ்வொரு கட்டியாகப் பார்த்தார். முழுசாக வந்த ஒரு கட்டியை மட்டும் எடுத்துத் துளசித் தொட்டியில் வைத்தார். பிறகுதான் 'சரி' என்றார்.

"மொதல்ல பாக்க வேண்டியதைக் கடைசியில பாத்திருக்கேன்" என்று மெக்கானிக் பெரியவரைப் பார்த்துக் காதைத் தொட்டுக்கொண்டார். உண்மையில் நிறைய பேர் இதைப் பார்ப்பதே இல்லை. பெட்ரோல், பொறி என்று முன்பக்கம் தேடுவார்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கும், சைலன்சருக்குள் குளவி குடியிருக்கும், டேங்க் மூடியின் காற்றுத் துளை தூசியில் அடைந்திருக்கும். நிறுத்தி வைக்கும் அன்றே சைலன்சர் வாயில் ஒரு துணியைக் கட்டியிருந்தால் போதும். ஆனால் 2018-ல் அந்த வண்டியை 'நிறுத்தி வைப்போம்' என்று யாரும் முடிவெடுத்து நிறுத்தவில்லை. அவர் மறுநாள் வேலை இருக்கிறது என்று நினைத்து நிறுத்திவிட்டுத் தூங்கப் போனவர்.

பன்னிரண்டே கால். சைலன்சரை மாட்டி, முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, லீவரைப் பிடித்து விட்டு, மெக்கானிக் மகனிடம் கிக்கரைக் கொடுத்தார். "நீ அடி."

முதல் மிதியில் பற்றவில்லை. இரண்டாவது மிதியில் ஒரு பெரிய வெள்ளைப் புகை மண்டலம் எழுந்து, அதற்கு உள்ளிருந்து, 'டுக்... டுக்... டுக்... டுக்' என்று வந்தது சத்தம். பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தினார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி கிளிப்போடு எட்டிப் பார்த்தார்.

மெக்கானிக் அப்போதும் சிரிக்கவில்லை. இன்ஜின் தலையில் ஆயில் போகும் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, ஆயில் ஏறி வருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். வந்தது. இறுக்கினார். அதன் பிறகுதான் நெற்றியைத் துடைத்தார். பிளக் வழியாக விட்ட ஆயில் எரிந்து முடிந்ததும் புகையும் குறைந்தது.

வண்டியை உடனே ரோட்டில் ஓட்ட முடியாது. பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் என்று வேலை கிடக்கிறது. ஏழு வருடம் காற்றில்லாமல் நின்ற டயர்களும் பக்கவாட்டில் வெடித்திருக்கின்றன. அதெல்லாம் ஓசூரில் பார்த்துக்கொள்ளலாம். இரும்புக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. செத்துப்போன பழைய பேட்டரியையும், உடைந்த தையல் மிஷின் ஸ்டாண்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி வந்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள் பெரியவரை. அவர் வண்டியைத் தொடவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, திருகுவது போல ஓர் அசைவு.

மெக்கானிக்குப் புரிந்தது. திருப்புளியை எடுத்து, ஸ்லோ ஸ்க்ரூவைக் கால் திருகு குறைத்தார். சத்தம் இறங்கியது. விரல்கள் மறுபடியும் திருகின. இன்னும் கொஞ்சம் குறைத்தார். 'டுக்'குக்கும் 'டுக்'குக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. "அண்ணே, இதுக்கு மேல எறக்குனா நின்னுடும்" என்றார் மெக்கானிக். விரல்கள் இன்னும் ஒரு முறை, மிகச் சின்னதாக. மெக்கானிக் ஒரு நூல் அளவு திருகினார். நின்றுவிடும் போல ஒரு கணம் தயங்கி, வண்டி நிதானமாக அடிக்க ஆரம்பித்தது. பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்று மணி லாரி நாலேகாலுக்கு வந்தது. பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில், பழைய மெத்தையைச் சுற்றிக் கயிறு போட்டு புல்லட்டைக் கட்டினார்கள். டேங்க்கில் இருந்த பெட்ரோலை வடித்து, டேப்பை மூடியாயிற்று. கடைசியாக அம்மா லாரியில் ஏறினார். கையில் கிழிந்த பருத்திப் புடவைத் துண்டு. அதைச் சுருட்டி சைலன்சரின் வாயில் அடைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டினார். ஒன்று போதாது என்று இரண்டாவது மாட்டினார்.

இறங்கும்போது மெக்கானிக்கிடம் கேட்டார்: "ஏம்ப்பா, ஓசூர்லயும் குளவி இருக்கும்ல?"